மூடிப்போன கார் கம்பெனியின் கதையைத் தேடி எழுதுவது எப்படி

ஒரு கார் கம்பெனி ஏன் மூடப்பட்டது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிடுவார்கள். ஃபோர்டின் எட்சலா, முன்பக்க கிரில் பார்க்கச் சகிக்கவில்லை. டீலோரியனா, முதலாளி போதைப்பொருள் வழக்கில் கைதானார். டக்கரா, பெரிய கம்பெனிகள் சேர்ந்து நசுக்கிவிட்டன. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். பழைய கார்கள் மேல் உள்ள பிரியத்தால், இந்தக் கம்பெனிகளின் ஆண்டறிக்கை, விளம்பரம், டீலர் சுற்றறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் படித்துக்கொண்டிருப்பவன். இந்த ஒற்றை வரிப் பதில்கள் எனக்கு ஒருபோதும் போதவில்லை. கடைசி மாடல் விற்காமல் ஷோரூமில் நிற்கும்போது, கம்பெனியின் முடிவு பெரும்பாலும் பல வருடம் முன்பே தீர்மானமாகியிருக்கும். எந்த வருடம், எந்தக் கையெழுத்தால் என்று தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், தேதிகளைச் சரியாகக் குறிக்கும் பழக்கம், பிடித்த கதையையும் சந்தேகிக்கும் மனசு, இவை இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

முதலில் எந்தக் கம்பெனி?

காகிதம் மிஞ்சியிருக்கும் கம்பெனியாகப் பாருங்கள். கார் எத்தனை அழகாக இருந்தாலும் ஆவணம் இல்லாவிட்டால் கடைசியில் உங்கள் கையில் வதந்தி மட்டும்தான் இருக்கும். ஸ்டூடிபேக்கர் இந்த விஷயத்தில் ஒரு வரம். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் உள்ள ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகம், தொழிற்சாலையின் உற்பத்தி ஆணைகளையே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வண்டி என்ன நிறத்தில், என்னென்ன உபரி வசதிகளோடு, எந்த டீலருக்குப் போனது என்று அதில் பார்க்கலாம். ஆஸ்டின், எம்ஜி, டிரையம்ப் போன்ற பிரிட்டிஷ் பெயர்களுக்கு இங்கிலாந்தின் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் உதவும். பழைய பதிவேடுகளைப் பார்த்து அங்கே சான்றிதழே தருகிறார்கள். ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் மூன்றுக்கும் ஆபர்ன் நகரத்தில், கம்பெனியின் பழைய தலைமையக ஷோரூமிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுவான தேடலுக்கு டெட்ராய்ட் பொது நூலகத்தின் தேசிய மோட்டார் வரலாற்றுச் சேகரிப்பு.

1920-களில் பிறந்து மறைந்த சிறு அமெரிக்கப் பெயர்கள் ஏராளம். என்ஜினை கான்டினென்டல் கம்பெனியிடம் வாங்கி, கியர் பாக்ஸை இன்னொருவரிடம் வாங்கி, ஒன்றாகப் பூட்டித் தங்கள் பெயரை ஒட்டி விற்றவர்கள் அவர்களில் பலர். பெருமந்தம் வந்ததும் வரிசையாகப் போய்விட்டார்கள். முதல் முயற்சிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு பழுப்பேறிய விளம்பரத்துக்கு மேல் பல கம்பெனிகளுக்கு எதுவும் கிடைக்காது.

கூடவே ஒரு சிறு எச்சரிக்கை. கிளாசிக் என்று பொதுவாக எந்தப் பழைய காரையும் சொல்கிறோம். ஆனால் அமெரிக்க கிளாசிக் கார் கிளப் முழு கிளாசிக் என்று ஏற்பது 1915 முதல் 1948 வரையிலான, அவர்கள் பட்டியலில் உள்ள உயர்தர வண்டிகளை மட்டும்தான். ஆவணங்களில் அந்தச் சொல் வரும்போது எந்த அர்த்தத்தில் வருகிறது என்று கவனியுங்கள்.

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி

பிறப்பிலிருந்து ஆரம்பித்தால் நிறுவனரின் வீரக் கதையில் மூழ்கிவிடுவோம். தொழிற்சாலை மூடிய நாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே கேள்வி: இந்த நிலைக்கு வராமல் தப்பிக்க முந்தின வருடம் அவர்கள் கையில் என்ன இருந்தது?

பேக்கார்டை வைத்து இதை விளக்குகிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. 1899-இல் ஒஹாயோவில் பிறந்து, 1903-இல் டெட்ராய்ட்டுக்கு வந்து, அரசர்களும் ஜனாதிபதிகளும் ஏறிய கார். அதன் டெட்ராய்ட் உற்பத்தி 1956 ஜூன் 25 அன்று நின்றது. ஏன் என்று கேட்டால், 1930-களில் மலிவு விலை மாடல் போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள் என்ற பதில்தான் அதிகம் வரும். சரி, பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

1956: அடுத்த வருட மாடல்களின் பாடித் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகள் செய்யப் பணம் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களிடம் கடன் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? 1955 மாடல் காரில் புதிய வி8 என்ஜின் இருந்தது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நீண்ட முறுக்குக் கம்பியால் இணைத்த சஸ்பென்ஷன் இருந்தது. பின்னால் பாரம் ஏறினால் மின் மோட்டார் ஓடி வண்டியைத் தானே மட்டப்படுத்தும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் வேறு யாரிடமும் இல்லாத விஷயம். அந்த வருடம் ஏறக்குறைய 55,000 வண்டிகள் செய்தார்கள். ஆனால் வண்டிகள் கோளாறுகளோடு டீலரிடம் வந்தன. ஏன் கோளாறு? பாடி கட்டும் வேலையும் அசெம்பிளி லைனும் கானர் அவென்யூ என்ற புதிய இடத்துக்கு அவசரமாக மாற்றப்பட்டிருந்தன. பழைய பெரிய தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய இடம். எதற்கு அந்த அவசரம்? பேக்கார்டுக்கு பாடி செய்து தந்துகொண்டிருந்த பிரிக்ஸ் கம்பெனியின் கார் பாடித் தொழிலை 1953 டிசம்பரில் கிரைஸ்லர் வாங்கிவிட்டது. போட்டிக் கம்பெனியின் தயவில் ஒரு காரின் மொத்த உடம்பும் வருகிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அடுத்த மாடலிலிருந்து பாடி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிரிக்ஸ் ஏன் விற்பனைக்கு வந்தது? அதன் நிறுவனர் 1952-இல் இறந்து, வாரிசுகளுக்கு வரி கட்ட வேண்டிய நெருக்கடி. அப்படியானால் பேக்கார்ட் பாடியை வெளியே கொடுத்தது எப்போது? 1940-களின் தொடக்கத்தில், செலவு குறையும் என்ற நம்பிக்கையில்.

இங்கேதான் பென்சிலை நிறுத்தி அடிக்கோடு போட வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளில் அது நஷ்டமாகத் தெரியவில்லை. ஆண்டறிக்கையில் சேமிப்பு என்ற வரியில்தான் உட்கார்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு முதியவரின் மரணத்தில் அந்தச் சேமிப்பின் விலை வந்து சேர்ந்தது.

மலிவு மாடல் குற்றச்சாட்டுக்கும் பதில் கிடைத்துவிடும். 1935-இல் வந்த ஒன் ட்வென்டி காரின் ஆரம்ப விலை 1,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. அதே காலத்தில் பணக்காரர்களின் காரை மட்டும் நம்பியிருந்த பியர்ஸ்-ஆரோ 1938-இல் மூடிவிட்டது. டூசன்பெர்க் 1937-இல். பேக்கார்டுக்கு அந்த மலிவு கார் கிட்டத்தட்ட இருபது வருட ஆயுளைக் கொடுத்தது என்பது என் முடிவு. பெயரின் மதிப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது காப்பாற்றிய கார், கொன்ற கார் இல்லை.

இப்படிப் பின்னோக்கிப் போகும்போது வெளிக் காரணங்களையும் தனி நிறப் பேனாவில் குறியுங்கள். 1953-இல் கொரியப் போர் ஓய்ந்ததும் பேக்கார்டின் ஜெட் என்ஜின் ஒப்பந்தம் கையை விட்டுப் போனது. அதே சமயம் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் முதலிடத்துக்காக வண்டிகளை டீலர்கள் மேல் கொட்டி, விலையை அடித்து விற்றார்கள். இடையில் அகப்பட்ட சிறிய கம்பெனிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஜோடி தேடின. 1953-இல் கைசர் கம்பெனி வில்லிஸை வாங்கியது. 1954 மே மாதம் நாஷும் ஹட்சனும் இணைந்தன. அக்டோபரில் பேக்கார்ட் ஸ்டூடிபேக்கரை வாங்கியது. வாங்கிய பிறகுதான், நஷ்டமில்லாமல் இருக்க ஸ்டூடிபேக்கர் எத்தனை வண்டி விற்க வேண்டும் என்ற உண்மையான எண், சொல்லப்பட்டதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. எந்த இணைப்பைப் பற்றி எழுதினாலும் இந்த எண்ணைத் தேடுங்கள். எத்தனை கார் விற்றார்கள் என்பது பாதிக் கதைதான். எத்தனை விற்றால் கையைக் கடிக்காது என்பது மீதிப் பாதி.

வருடமும் எண்ணும் ஏமாற்றும் இடங்கள்

அமெரிக்கக் கார்களில் மாடல் ஆண்டும் காலண்டர் ஆண்டும் வேறு. 1958 மாடல் எட்சல் கடைக்கு வந்தது 1957 செப்டம்பர் 4 அன்று. 1960 மாடல் எட்சலின் உற்பத்தி நின்றது 1959 நவம்பரில். எட்சல் 1958 முதல் 1960 வரை இருந்தது என்று எழுதினால் மூன்று வருடம் மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டு வருடமும் சில வாரங்களும்தான். உற்பத்தி எண்ணிக்கையை எங்கே எடுத்தாலும், அது மாடல் ஆண்டா காலண்டர் ஆண்டா, செய்த வண்டியா விற்ற வண்டியா பதிவான வண்டியா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இரண்டு புத்தகங்கள் முரண்படுவது போலத் தோன்றும் பல இடங்களில், இரண்டும் வெவ்வேறு விஷயத்தை எண்ணியிருக்கும்.

தேதி வரிசை ஒன்றே பல கட்டுக்கதைகளை உடைத்துவிடும். டீலோரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் டீலோரியன் கைதானது 1982 அக்டோபரில். ஆனால் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் இருந்த அவருடைய தொழிற்சாலை, அதே வருடம் பிப்ரவரியிலேயே கடன் மீட்பு நிர்வாகியின் கைக்குப் போயிருந்தது. கைது கம்பெனியைக் கொன்றிருக்க முடியாது. பிப்ரவரிக்கும் முன்னால் போனால், 1981-இன் கடைசியில் விற்பனையை மிஞ்சிய வேகத்தில் வண்டிகள் செய்யப்பட்டதும், அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து விலையுயர்ந்த கார் வாங்க ஆள் குறைந்ததும் தெரியும். வழக்கில் அவர் 1984-இல் விடுதலையானார் என்பதையும் எழுத மறக்காதீர்கள். பலர் கைதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

வண்டி எண்களைப் பொறுத்தவரை, 17 எழுத்து எண்களைக் கொண்ட இன்றைய அடையாள முறை அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். டக்கர் கார்கள் 1001 முதல் 1050 வரை என்று எளிதாக இருக்கும். டூசன்பெர்க் மாடல் ஜே கார்களை ஆர்வலர்கள் என்ஜின் எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் என்ஜினும் மாறியிருக்கும், பாடியும் மாறியிருக்கும். கம்பெனி சேசிஸ் மட்டும் விற்றது, வாங்கியவர் தனக்குப் பிடித்த பாடிக் கலைஞரிடம் கட்டிக்கொண்டார். ஒரே காருக்கு இரண்டு மூன்று பிறப்புகள் உண்டு என்று மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். பழைய பேக்கார்டுகளில் என்ஜினுக்குப் பின்புறத் தகரச் சுவரில் ஒரு தகடு இருக்கும். விற்ற டீலரின் பெயரும் கொடுத்த தேதியும் அதில் அச்சிட்டிருக்கும். அந்தத் தகட்டின் புகைப்படம் கிடைத்தால் விடாதீர்கள்.

காரையே ஆவணமாகப் படிப்பது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பானெட்டைத் திறந்து, எந்தப் பாகம் சொந்தம், எந்தப் பாகம் இரவல் என்று பாருங்கள். வண்டி பக்கத்தில் இல்லாவிட்டால் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக் போதும். வீட்டில் பணம் குறையும்போது முதலில் எது கடன் வாங்கப்படுகிறது என்று பார்த்தாலே நிலைமை புரிவது போல, ஒரு கார் கம்பெனியின் நெருக்கடி அதன் இரவல் பாகங்களில் தெரியும்.

ஸ்டூடிபேக்கர் தன் வி8 என்ஜினைத் தானே செய்த கம்பெனி. சவுத் பெண்ட் தொழிற்சாலை 1963 டிசம்பரில் மூடியதும் என்ஜின் வார்ப்படமும் நின்றது. கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை வந்த கடைசி ஸ்டூடிபேக்கர்களில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளை செய்த செவ்ரோலெட் வகை என்ஜின். 1852-இல் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடித்த கொல்லுப்பட்டறையில் ஆரம்பித்த ஒரு பெயர், கடைசியில் போட்டியாளரின் என்ஜினில் ஓடியது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

டக்கரைப் பாருங்கள். முதலில் திட்டமிட்ட 589 கன அங்குல என்ஜின் சரிவரவில்லை. ஹெலிகாப்டருக்காகச் செய்யப்பட்ட, காற்றால் குளிரும் ஃபிராங்க்ளின் என்ஜினைத் தண்ணீரால் குளிரும்படி மாற்றிப் பின்னால் வைத்தார்கள். கியர் பாக்ஸ் தயாராகவில்லை, அதனால் 1936, 37-இல் வந்த பழைய கார்ட் கார்களிலிருந்து கியர் பாக்ஸ்களைத் தேடி வாங்கினார்கள். மூடிப்போன ஒரு கம்பெனியின் பாகம், மூடப்போகும் இன்னொரு கம்பெனியின் காரில். திருப்பும் திசைக்கு ஒளி காட்டும் நடு விளக்கைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். கியர் பாக்ஸைப் பற்றி எழுதினால்தான் நிலைமை புரியும்.

இரவல் எப்போதும் கெட்டதில்லை. பிரான்சின் ஃபாசெல் வேகா, பெரிய கிரைஸ்லர் வி8 என்ஜின் போட்டு அற்புதமான கார்கள் செய்தது. பிறகு சிறிய ஃபாசெலியா காருக்கு, பிரான்சிலேயே செய்த புது என்ஜின் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த என்ஜினில் பிஸ்டன்கள் எரிந்தன, வாரன்டி செலவு கழுத்தை நெரித்தது. வால்வோ என்ஜினுக்கு மாறியபோது நேரம் கடந்துவிட்டது. 1964-இல் கம்பெனி போனது. ஜெர்மனியின் என்எஸ்யூவும் இதே வகை. 1967-இல் வந்த ரோ 80, அடுத்த வருடத்துக்கான ஐரோப்பிய கார் விருதை வாங்கியது. பிஸ்டனுக்குப் பதில் ஒரு சுழலி சுழலும் அதன் ரோட்டரி என்ஜினில், அந்தச் சுழலியின் முனையில் இருந்த அடைப்புப் பட்டைகள் சீக்கிரம் தேய்ந்தன. கம்பெனி கணக்குப் பார்க்காமல் புது என்ஜின் மாற்றிக் கொடுத்தது. வாடிக்கையாளருக்குக் காட்டிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 1969-இல் என்எஸ்யூ ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போனது. இந்த இரண்டு கம்பெனிகளிலும் தேட வேண்டிய எண் ஒன்றுதான்: வாரன்டிக்காக ஒதுக்கிய தொகை.

பிடித்த கதையைச் சோதிக்க ஒரு வழி

யாராவது ஒரு காரணம் சொன்னால், அந்தக் காரணம் இல்லாத இன்னொரு கம்பெனிக்கு அதே காலத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். எட்சலின் செங்குத்தான கிரில்தான் தோல்விக்குக் காரணம் என்கிறார்கள். அதே விலை வரம்பில் கிரைஸ்லர் குழுமத்தின் டிசோட்டோ இருந்தது. வாலில் நீண்ட துடுப்புகளோடு அழகான கார் அது, முகப்பைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. 1957 மாடல் ஆண்டில் 1,10,000-க்கு மேல் வந்த டிசோட்டோ, 1958-இல் 50,000 அளவுக்கு விழுந்தது. அப்படியென்றால் 1958-இன் மந்தம் நடுத்தர விலைக் கார்களை எல்லாம் அடித்திருக்கிறது. எட்சல் அமெரிக்காவில் முதல் மாடல் ஆண்டில் 63,000 சொச்சம் வந்தது. புதுப் பெயருக்கு அது அத்தனை கேவலமான எண் இல்லை. திட்டம் 2,00,000 என்று வைத்திருந்ததுதான் பிரச்சினை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எட்சலுக்கென்று தனி லைன் கிடையாது. ஃபோர்டு, அதே குழுமத்தின் மெர்குரி வண்டிகள் போகும் லைனிலேயே இடையிடையே எட்சலும் வரும். தரம் எப்படி இருக்கும்? விலையிலும் அது மெர்குரியோடு மோதியது. கிரில் இந்த வரிசையில் கடைசியில் வருகிறது.

டக்கர் சதிக் கதைக்கும் இதே சோதனை. கார் உற்பத்திக்கு வரும் முன்பே ரேடியோ, சீட் கவர், பெட்டி என்று உபரிப் பொருள்களை வாங்குவோருக்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் விசாரித்தது. 1950 ஜனவரியில் பிரஸ்டன் டக்கர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. மாதிரி வண்டியையும் சேர்த்து 51 கார்கள். விசாரணைச் செய்திகள் அவரை முடக்கின என்பதில் சந்தேகமில்லை, அவருக்கு அநியாயம் நடந்தது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் விசாரணை இல்லாமலிருந்தால், கியர் பாக்ஸ் கூட முடிவாகாத ஒரு கம்பெனி, சிகாகோவில் அவ்வளவு பெரிய போர்க்கால என்ஜின் தொழிற்சாலையை ஓட்டியிருக்க முடியுமா? அந்தக் கேள்வியை வாசகர் முன் வைக்காமல் விட்டால் அது வரலாறு ஆகாது.

இந்தச் சோதனைக்கு என் மனதுக்குப் பிடித்த ஜோடி ஜெர்மனியின் போர்க்வார்டும் பிஎம்டபிள்யூவும். 1959-இல் யாரைக் கேட்டிருந்தாலும் பிஎம்டபிள்யூதான் மூடும் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு பக்கம் விலை உயர்ந்த வி8 கார், இன்னொரு பக்கம் குட்டி இசெட்டா, நடுவில் விற்கத்தக்க கார் இல்லை. 1959 டிசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டத்தில் கம்பெனியை டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் திட்டம் வந்தது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் தரப்பு வழக்கறிஞர் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு விஷயத்தைப் பிடித்தார்: புதிய 700 மாடலின் வளர்ச்சிச் செலவைப் பல வருடங்களுக்குப் பிரிக்காமல், முழுவதையும் ஒரே வருடக் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தார்கள். அதனால் நஷ்டம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதைக் காட்டிக் கூட்டத்தை ஒத்திவைக்க வைத்தார், திட்டம் விழுந்தது. பிறகு தொழிலதிபர் ஹெர்பெர்ட் குவான்ட் தன் பங்கை உயர்த்தினார். கணக்கில் ஒரு தேய்மானப் பதிவு ஒரு கார் கம்பெனியைக் காப்பாற்றியது என்று கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்லும்போது, கொஞ்சம் பெருமையும் அதில் கலந்திருக்கத்தான் செய்யும்.

பிரேமனில் இருந்த போர்க்வார்டுக்கோ இசபெல்லா என்ற, நடுத்தர வகுப்பு ஆசைப்பட்டு வாங்கிய கார் இருந்தது. 2,00,000-க்கு மேல் விற்றது. ஆனால் போர்க்வார்ட், கோலியாத், லாய்ட் என்று ஒரே முதலாளியின் மூன்று கம்பெனிகள், மூன்றும் தனித்தனியாக வடிவமைத்துத் தனித்தனியாகச் சரக்கு வாங்கின. புது மாடல் மேல் புது மாடலாக வந்துகொண்டே இருந்தது. 1961 தொடக்கத்தில் ரொக்கம் தீர்ந்தது, பிப்ரவரியில் பிரேமன் மாநில அரசு கையில் எடுத்தது, அந்த வருடம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடன்காரர்களுக்குப் பின்னர் முழுத் தொகையும் தீர்க்கப்பட்டது என்பதால், மூடியிருக்கவே வேண்டாமோ என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. இசபெல்லா விட்டுச்சென்ற இடத்தை 1962-இல் உற்பத்திக்கு வந்த பிஎம்டபிள்யூ 1500 பிடித்தது. இரண்டு கதையையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வருட வாரியாக எழுதிப் பாருங்கள். ஒன்றை மட்டும் படித்தால் தெரியாத பல விஷயங்கள் தெரியும்.

மனிதர்களை விட்டுவிடாதீர்கள்

கார் ஆர்வலர்கள் எழுதும் வரலாற்றில் அடிக்கடி காணாமல் போவது தொழிலாளிகள்தான். சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் மூடியபோது ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. அதற்குக் கீழே, உரிமை பெற்றிருந்த ஏறக்குறைய 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம் அளவுதான். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்த அநியாயம் வருடக்கணக்கில் பேசப்பட்டு, 1974-இல் அமெரிக்காவில் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணமானது. ஸ்டூடிபேக்கரின் அவான்டி காரின் வளைவுகளை ரசிக்கும் எனக்கு, அந்தக் காருக்குச் செலவான பணமும் இந்த நிதிப் பற்றாக்குறையும் ஒரே கம்பெனியின் ஒரே காலத்துக் கணக்கு என்பது மறக்க முடியாத விஷயம். உங்கள் நோட்டில் தொழிலாளர்களுக்கு ஒரு பக்கம் கண்டிப்பாக ஒதுக்குங்கள். தொழிற்சங்க இதழ்களும் உள்ளூர் நாளிதழ்களும் இதற்கு நல்ல ஆதாரம்.

டீலர்களுக்கும் ஒரு பக்கம். கம்பெனி மூடிய பிறகும் அவர்களிடம் கதை தொடரும். அவான்டியையே சவுத் பெண்டின் இரண்டு ஸ்டூடிபேக்கர் டீலர்கள், நேதன் ஆல்ட்மனும் லியோ நியூமனும், உரிமையோடு வாங்கிக் கையால் கட்டி, அவான்டி 2 என்ற பெயரில் பல வருடம் விற்றார்கள்.

அச்சுகளும் கட்டடங்களும் எங்கே போயின என்பதைச் சுருக்கமாக எழுதினால் போதும். நெக்கர்சுல்மில் என்எஸ்யூ தொழிற்சாலையில் இன்று ஆடி கார்கள் வருகின்றன. பிரேமனில் போர்க்வார்ட் இடத்தில் மெர்சிடிஸ். டெட்ராய்ட்டின் பேக்கார்ட் கட்டடம் பல பத்தாண்டுகள் பாழாகக் கிடந்து, 2022 முதல் இடிக்கப்பட்டது. டீலோரியன் பாடி அச்சுகளில் சில அயர்லாந்தின் மேற்குக் கடலில் மீன் வளர்ப்புக் கூண்டுகளுக்கு நங்கூரமாகப் போயின.

முதல் முயற்சிக்கு ஒரு பரிந்துரை

ஹட்சனில் ஆரம்பியுங்கள். கதை சிறியது, தேதிகள் தெளிவு, காரும் உண்மையிலேயே சிறந்த கார். 1948-இல் வந்த அதன் பாடியில் தரைத்தளம் சேசிஸ் சட்டங்களுக்கு இடையில் தாழ்ந்திருக்கும். வண்டியின் எடை கீழே இருந்ததால் திருப்பங்களில் அதை அசைக்க முடியாது. 1951-இல் வந்த ஹார்னெட், ஆறு சிலிண்டரை வைத்துக்கொண்டே வி8 கார்களைப் பந்தயத்தில் தோற்கடித்தது. ஆனால் அந்த பாடியும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. வெளித்தோற்றத்தை மாற்றுவதென்றால் அடிவரை மாற்ற வேண்டும். பெரிய கம்பெனிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது முகம் காட்டியபோது, ஹட்சன் அதே உருவத்தை 1954 வரை விற்றது. கையில் மிஞ்சிய பணத்தைப் பெரிய காரைப் புதுப்பிக்கப் போடாமல், ஜெட் என்ற சிறிய காருக்குப் போட்டார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1954 மே மாத இணைப்பை எழுதுங்கள். அதற்கு முன் பக்கத்தில் 1953 ஜெட்டின் விலையையும் அதே வருடத்துப் பெரிய செவ்ரோலெட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். சிறிய காருக்கு விலை அதிகம் இருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து 1948 வரை பின்னால் போங்கள்.